1640, 1846, 2019... கருமத்தம்பட்டி மாதா கோவிலுக்கு உண்மையில் என்ன வயசு? ஆண்டு விழாக்களில் விடுபடுவது என்ன?

அவிநாசியைத் தாண்டி கோவை போகும் நெடுஞ்சாலையில் வருகிறது கருமத்தம்பட்டி. ஒரு பக்கம் திருப்பூரின் பனியன் கம்பெனிகள், இன்னொரு பக்கம் சோமனூரின் விசைத்தறிகள். அக்டோபர் மாதம் வந்தால் இங்குள்ள புனித ஜெபமாலை அன்னை திருத்தலத்தில் திருவிழா. கொங்கு வழக்கில் சொன்னால் ‘நோம்பி’. தேர் பார்க்க வரும் கூட்டத்தில் கிறிஸ்தவர்கள் மட்டும் இருப்பதில்லை.

இவ்வளவு பேருக்குத் தெரிந்த கோவிலின் வயசு என்ன? கேள்வி சின்னதுதான். ஆனா ஒரே பதில் கிடையாது.

எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது?

திருத்தலத்தின் மரபு வரலாறு 1640-ஐச் சொல்கிறது. இயேசு சபையின் மதுரை மிஷன் கொங்குப் பகுதிக்குள் வந்த காலம் அது. அதன் பிறகு போர்களும் இடிபாடுகளும் புதுக் கட்டுமானங்களும் வந்துபோயின. ஆக, 1640 என்பது அங்கே கூடிய மக்களின் வயசு. இன்று கண்ணில் படும் சுவர்களின் வயசு அல்ல.

அடுத்த ஆண்டு 1846. அந்த வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி, பிரான்சிலிருந்து வந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் இந்தக் கிராமத்தில்தான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் முதல் ஞாயிறை ஜெபமாலை அன்னை திருவிழாவாகத் திருச்சபை கொண்டாடிய காலம் அது. கோவை மறைமாவட்டத்தின் கதை தொடங்குவது கோவை நகரத்தில் இல்லை, இங்கேதான். கோவை முறைப்படி மறைமாவட்டம் ஆனது 1886-ல்.

கடைசியாக 2019. திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் இந்தக் கோவிலுக்கு ‘பசிலிக்கா’ அந்தஸ்து கிடைத்தது. வேளாங்கண்ணிக்கு 1962-ல் கிடைத்த அதே பட்டம். ஒரு கோவிலுக்கு ரோம் தரும் சிறப்பு இது. கட்டடத்தின் வயதுச் சான்றிதழ் இல்லை.

இந்தச் சிக்கல் இங்கே மட்டும்தானா?

இல்லை. சி.எஸ்.ஐ. கோவில்களிலும் இதே கதைதான். லண்டன் மிஷன் கோவைக்கு வந்தது 1830-ல். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-ல். அதனால் மிஷன் காலத்துக் கிராமக் கோவில்கள் பலவும் தாங்கள் சேர்ந்திருக்கும் திருச்சபையைவிட வயதில் மூத்தவை. சபை தொடங்கிய நாளா, ஆலயப் பிரதிஷ்டை நாளா, எதை விழாவாக எடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சரி, எந்த வருஷமா இருந்தா என்ன?

இங்கேதான் விஷயம். எந்த வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் எது மேடை ஏறும், எது மறக்கப்படும் என்பதும் முடிவாகிறது.

1846-ஐயே எடுத்துக்கொள்வோம். ஆயர் வந்தார் என்பது கதையில் பாதிதான். அவர் ஏன் போனார் என்பது மீதிப் பாதி. கிறிஸ்தவர்கள் தொடர்ந்து பின்பற்றிவந்த சாதி வழக்கங்களில் எது வெறும் சமூகப் பழக்கம், எது மதத்துக்கு முரணானது என்ற விவாதம் அப்போது தீராமல் இருந்தது. 1744-லேயே ரோம் இதில் ஆணை பிறப்பித்து, மறைப்பணியாளர்கள் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும் என்றது. நடைமுறையில் குழப்பம் நீடித்தது. மனசாட்சிக்கு ஒத்துவராத நிலையில் பிரெசியாக் விலக விரும்பினார். 1855-ல் அது ஏற்கப்பட்டது. உள்ளூர் குருக்களை உருவாக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னவர் அவர். பிறகு 1856-ல் லியோனில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில், போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார்.

ஆண்டு விழா மலரில் ஆயரின் படம் எளிதாக இடம்பிடிக்கும். அவர் விலகக் காரணமான சாதிப் பிரச்சினை இடம்பிடிப்பது அவ்வளவு எளிதல்ல.

பழைய கட்டடத்துக்கு என்ன ஆபத்து?

விரோதமாக எதுவும் வேண்டாம், பாசமே போதும். நூற்றாண்டு வருது, கூட்டம் பெருகிருச்சு, பெரிசா கட்டுவோம் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கோவில் இடிந்து கான்கிரீட் கோவில் எழுந்திருக்கிறது. இடிக்காத இடத்திலும் சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவரை அரிக்கத் தொடங்கும்.

சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2016-17 முதல் நிதியுதவி தருகிறது. கட்டடத்தின் வயசை வைத்து மூன்று படிகள்: 10 முதல் 15 ஆண்டு, 15 முதல் 20 ஆண்டு, 20 ஆண்டுக்கு மேல். கவனித்தீர்களா? 25 வயசு கோவிலும் 150 வயசு கோவிலும் ஒரே படியில் நிற்கின்றன. பழமையைக் காப்பது இந்தத் திட்டத்தின் நோக்கமே இல்லை. அதற்கென இருப்பது 2012-ல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். கிராமக் கோவில் ஒன்று அந்தப் பார்வைக்குள் வர வேண்டுமென்றால், முதலில் யாராவது அதன் வரலாற்றை ஆவணத்தோடு எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆவணம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் பங்கு அலுவலக அலமாரியில். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள். இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான தேசியச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு ஞானஸ்நானப் பதிவுதான் எழுத்தில் இருக்கும் ஒரே சான்று. பனியன் தொழில் இந்தப் பகுதியை மாற்றுவதற்கு முன் இங்கே யார் வாழ்ந்தார்கள், குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கான தடயங்களும் அதில் உண்டு. கரையானுக்கும் மழைக்கும் அது தெரியாது.

விழாவுக்கான பந்தல், சீரியல் லைட், மலர் அச்சடிப்பு என்று போடும் பட்ஜெட்டில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் இந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்துவிடலாம். பூச்சு வேலை தொடங்கும் முன் பழைய சுவரையும் கல்வெட்டையும் போட்டோ எடுத்து வைக்க ஒரு செல்போன் போதும்.

2026-ல் அக்டோபர் 4 மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. கருமத்தம்பட்டியில் ஆயர் திருநிலைப்பாடு நடந்து அன்றோடு 180 ஆண்டுகள். அன்றைய பேச்சில் அவர் வந்த கதையோடு, போன கதையும் சேர்ந்து வருமா என்பதுதான் பார்க்க வேண்டியது.