நாயின் பயத்தைச் சாப்பாடு தீர்க்குமா?

"எங்க நாய் தனியா இருந்தா ரொம்ப பயப்படுது" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த நொடியே ஒரு கேள்வி வரும்: "என்ன சாப்பாடு போடறீங்க?"

கறியை நிறுத்துங்க, அதுதான் சூடு என்பார் ஒருவர். கறி மட்டும் போடுங்க, சோறுதான் பிரச்சனை என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள், இதற்கென்றே சாந்தப்படுத்தும் நாய் உணவு விற்கிறதே என்று கடையின் பெயரையும் சொல்வார். மூன்றையும் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பயந்த நாய்க்கு உணவு உதவும். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்தத் தட்டு எப்போது, எப்படி வருகிறது என்பதுதான் அதிகம் உதவுகிறது. இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் வீணாக்கியது மூன்று வாரம்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு நாய் மணி. நாட்டு நாய், நாலு வயது. பாட்டி எங்களோடு இருந்தவரை மணி தனியாக இருந்ததே கிடையாது. போன வருடம் பாட்டி சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா, அம்மா இருவருக்கும் வேலை, எனக்கும் தங்கைக்கும் காலேஜ், ஸ்கூல். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை மணி மட்டும். ஊளை, குரைப்பு, கதவைப் பிறாண்டுவது எல்லாம் அப்போதுதான் ஆரம்பித்தது.

கீழ்வீட்டிலேயே ஹவுஸ் ஓனர் இருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் எவ்வளவுதான் பொறுப்பார்? "தம்பி, ஒரு மாசம் பாக்கறேன். சத்தம் நிக்கலைன்னா நாயை எங்கயாவது விட்டுடுங்க, இல்லைன்னா வேற வீடு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தோப்பு இருக்கிறது, அங்கே விடலாம் என்று பேச்சு ஓடியது. தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்தச் சாந்தப்படுத்தும் உணவை வாங்கினோம். பாக்கெட்டில் ஒரு நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் கிண்ணம் நிறைய வைத்துவிட்டுக் கிளம்பினோம். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவில் புதிதாக நாலு கீறல், கிண்ணம் வைத்தது வைத்தபடி. நாங்கள் வந்த பிறகு ஒரே மூச்சில் காலி செய்தான். மறுநாளும் அதே கதை. பிடிக்கவில்லை போல என்று கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கூடப் பார்த்தோம். (அது எவ்வளவு பெரிய தப்பு என்பது கீழே வருகிறது.)

பயத்தின் உச்சத்தில் இருக்கும் நாய் சாப்பிடாது. தனிமைப் பயத்துக்கு அது ஒரு முக்கிய அடையாளம். எந்த நேரத்தில் மணி பதறுகிறானோ அந்த நேரத்தில் அவனுக்குப் பசியே இல்லை. கிண்ணம் அதைத் தினமும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த உணவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் யோசனை, டிரிப்டோஃபேன் என்கிற அமினோ அமிலம். மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் இதிலிருந்துதான் தயாராகிறது. அப்படியானால் டிரிப்டோஃபேன் நிறையக் கொடுத்தால் நாய் அமைதியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக டிரிப்டோஃபேனுக்கும் வேறு சில அமினோ அமிலங்களுக்கும் சேர்த்து ஒரே வாசல்தான். காலை எட்டு மணி டவுன் பஸ் மாதிரி, படிக்கட்டில் எல்லோருக்கும் தள்ளுமுள்ளு. கறியில் டிரிப்டோஃபேன் இருக்கிறது, ஆனால் போட்டிக்கு வரும் மற்ற அமினோ அமிலங்கள் அதைவிட அதிகமாக இருக்கின்றன. அதனால் கறியைக் கூட்டினால் மூளைக்குள் டிரிப்டோஃபேன் கூடும் என்று சொல்ல முடியாது.

இதை நாய்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 33 நாய்களுக்குப் புரதம் கூட்டியும் குறைத்தும், டிரிப்டோஃபேன் சேர்த்தும் சேர்க்காமலும், ஒவ்வோர் உணவையும் ஒரு வாரம் கொடுத்தார்கள். தன் எல்லைக்குள் யாராவது வந்தால் பாயும் நாய்களிடம், குறைந்த புரதத்தோடு டிரிப்டோஃபேன் சேர்த்தபோது ஆவேசம் குறைந்தது. சாப்பாட்டால் நாய் சாந்தமாகும் என்ற பேச்சுக்கு அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்படுவது இந்த ஆய்வுதான். ஆனால் இது ஆவேசத்தைப் பற்றிய ஆய்வு, அதுவும் ஒரு வாரக் கணக்கு.

2009-ல் நெதர்லாந்துக்காரர்கள் கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். வீடுகளில் வளரும், லேசான பதற்றம் உள்ள 138 நாய்கள், எட்டு வாரம். பாதிக்கு டிரிப்டோஃபேன் கூட்டிய உணவு, பாதிக்குச் சாதாரண உணவு. கூட்டிய நாய்களின் ரத்தத்தில் டிரிப்டோஃபேன் 37 சதவீதம் ஏறியது. நடத்தையில்? இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் புரதத்திலிருந்து எடுத்த ஒரு பொருளையும் டிரிப்டோஃபேனையும் கலந்த உணவைச் சாப்பிட்ட பதற்றமான நாய்களுக்கு, ஸ்ட்ரெஸ் நேரத்தில் கார்டிசால் ஹார்மோன் ஏறுவது குறைந்ததாக 2012-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆகவே எல்லாமே சுத்த ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். லேசான பயத்துக்கு, மற்ற முயற்சிகளோடு சேர்த்து, டாக்டர் சொன்னால் கொடுத்துப் பார்க்கலாம். வேறு எதுவும் செய்யாமல் அதை மட்டும் நம்பினால் மணி கதைதான்.

"ஆனா எங்க நாய்க்கு நல்லா கேட்டுச்சே" என்பவர்களுக்கு: 2012-லேயே வந்த இன்னோர் ஆய்வில், மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் 58 நாய்களுக்கு வெறும் டம்மி மருந்து கொடுத்தார்கள். சுமார் 40 சதவீதத் தடவை, உண்மையில் முன்னேற்றம் இல்லாதபோதும் வளர்ப்பவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கு முன்னால் நொண்டுவதையே இப்படிப் பார்க்கிறோம் என்றால், பயத்தை எப்படி அளப்போம்? காசு கொடுத்து வாங்கியதும் கண் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

பி.காம். படிப்பவனாக எனக்கு உறுத்துவது அந்த மூவாயிரம் ரூபாய் இல்லை. ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்று பரீட்சையில் அஞ்சு மார்க்குக்கு எழுதுவோமே, அது. ஓனர் கொடுத்தது நாலு வாரம். அதில் மூன்றைப் பாக்கெட்டை நம்பியே செலவழித்தோம். பாக்கெட் வாங்குவது சுலபம், யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். மணிக்குத் தேவைப்பட்டதோ, எங்களில் யாராவது ஒருவருடைய நேரம்.

அப்படியென்றால் சாப்பாட்டால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். மூன்று வழியில்.

முதலில், கெடுதலை நிறுத்துவது. நம் ஊரில் நாய்க்கு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பது ஒரு பழக்கம். டீயில் உள்ள கஃபீன் நாயைப் படபடக்க வைக்கும், அளவு கூடினால் விஷம். சாம்பார், குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு கலங்கும். வயிறு சரியில்லாத நாய் எப்படி நிம்மதியாகப் படுக்கும்? இந்த மூன்றையும் நிறுத்த ஒரு பைசா செலவில்லை. இதற்காக இணையத்தில் கிடைக்கும் செய்முறையைப் பார்த்து முழுச் சாப்பாட்டையும் மாற்றிவிடாதீர்கள். 2013-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வீட்டில் சமைக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை அலசினார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்து குறைவு. எந்த மாற்றமாக இருந்தாலும் பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும்.

இரண்டாவது, நேரம். பாட்டி இருந்தபோது மணிக்கு மணியடித்தமாதிரி சாப்பாடு. அவர் போன பிறகு யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் வைப்போம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தாலே நாய்க்குப் பாதி நிம்மதி. இப்போது காலை ஏழு, மாலை ஆறரை, தப்பாது.

மூன்றாவதுதான் முக்கியம். சாப்பாட்டைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது. வேக வைத்த சிக்கன் துண்டு (எலும்பு கிடையாது, வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும்) மணிக்கு இப்போது ஒரே ஒரு சமயத்தில்தான் கிடைக்கும், நாங்கள் வெளியே போகும்போது. முதல் நாள் கதவைச் சாத்தி ஐந்து எண்ணித் திறந்தோம். பிறகு அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். அவன் சாப்பிடுகிறானா என்பதுதான் மீட்டர். சாப்பிடாமல் கதவைப் பார்த்து நின்றால் நாம் அவசரப்பட்டுவிட்டோம், நேரத்தைக் குறைக்க வேண்டும். தீபாவளி வெடிக்குப் பயப்படும் நாய்க்கும் இதே வழிதான். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, சத்தத்துக்குப் பின்னாலேயே தின்பண்டம். இதைத் தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தால் பிரயோஜனமில்லை, மாதக் கணக்கில் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நடத்தைப் பிரச்சனை என்று நிபுணர்களிடம் வரும் நாய்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்காவது உடம்பில் ஏதோ ஒரு வலி இருக்கிறது என்று 2020-ல் வந்த ஒரு கட்டுரை மதிப்பிட்டிருக்கிறது. பயம் முற்றியிருந்தால் மருந்தும் இருக்கிறது. நாய்களின் தனிமைப் பயத்துக்குக் குளோமிப்ரமின் மாத்திரையை அமெரிக்காவில் 1998-லேயே அனுமதித்துவிட்டார்கள். இப்படி மருந்து சாப்பிடும் நாய்க்கு டிரிப்டோஃபேனை நாமாகச் சேர்ப்பது ஆபத்து.

பயிற்சி நடக்கும் காலத்தில் நாயை அது தாங்கும் நேரத்துக்கு மேல் தனியாக விடவும் கூடாது. எதிர்வீட்டில் டெய்லரிங் செய்யும் அக்காவிடம் அம்மா போய்க் கேட்டார். "கொண்டாந்து விடுங்க, எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றார் அக்கா. பகலெல்லாம் மணி இப்போது அவர் தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். வீட்டில் தனியாக இருப்பது நாற்பது நிமிடம் வரை வந்திருக்கிறது. எட்டு மணி நேரம் என்றைக்கு வரும், வருமா என்பதெல்லாம் தெரியாது. ஓனர் சொன்ன ஒரு மாதம் முடிந்து இரண்டரை மாதம் ஆகிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை :-)

அடுத்த முறை உங்களிடம் யாராவது "எங்க நாய் ரொம்ப பயப்படுது" என்று சொன்னால், என்ன சாப்பாடு என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். எவ்வளவு நேரம் தனியாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, பி.காம். இரண்டாம் வருடம். மீதமான அந்தப் பாக்கெட் உணவை மணி மிச்சம் வைக்காமல் தின்று முடித்தான். ருசி நன்றாகத்தான் இருக்கும் போல.