ஜாமீனுக்கு மிஞ்சிய கடன்

பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்குமுன் அக்கடனின் அளவையும் தம் நிலத்தின் வரும்படியையும் ஒத்துப் பார்ப்பது குடியானவர் வழக்கம். இக்கணக்கைப் பாராத ஒரு சிறு தேசம் அடைந்த கஷ்டத்தை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்வது நலம்.

ஐஸ்லாந்து, வட அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள ஒரு தீவு. 2008-ஆம் வருஷத்தில் அதன் ஜனத்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். மீனும் அலுமினியமுமே அதன் முக்கிய ஏற்றுமதிகள். குடியானவர்களுக்கென்று சர்க்கார் நடத்தி வந்த விவசாயப் பாங்கி, 2003-இல் தனியார் வசமாகிக் கௌப்திங் பாங்கியுடன் சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் கௌப்திங், லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர் என்னும் மூன்று பாங்கிகளும் அந்நிய நாடுகளில் கடன் வாங்கிப் பெருத்தன. ஐந்தே வருஷங்களில் அவற்றின் ஆஸ்தி, தேசத்தின் வருஷ வருமானத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்காயிற்று. பாங்கிகளின் சொந்தக்காரர்களே அவற்றில் மிதமிஞ்சிக் கடன் பெற்றிருந்தனர் என்பது, பார்லிமெண்டு நியமித்த விசாரணைக் கமிஷனின் 2010-ஆம் வருஷத்து அறிக்கையால் வெளியாயிற்று.

2008 அக்டோபரில், ஒரே வாரத்துக்குள், மூன்று பாங்கிகளும் வீழ்ந்தன. குரோனா நாணயத்தின் மதிப்பு வெகுவாய்க் குறைந்தது. குரோனாவில் சம்பாதித்து, யென், ஸ்விஸ் பிராங்கு இவற்றின் மதிப்பையொட்டிக் கடன் பட்டிருந்த குடும்பங்களுக்குக் கடன்தொகை இரட்டிப்பாய் வளர்ந்தது. சர்வதேச நிதி ஸ்தாபனத்தினிடம் 210 கோடி டாலர் கடன் கேட்கும் நிலைமை சர்க்காருக்கு உண்டாயிற்று.

லாண்ட்ஸ்பாங்கியில் பணம் போட்டிருந்த பிரிட்டன், நெதர்லாந்து ஜனங்களுக்கு அவ்விரு நாட்டுச் சர்க்கார்களும் பணம் கொடுத்துவிட்டு, அத்தொகையை ஐஸ்லாந்து திருப்பித் தர வேண்டுமென்றன. அது ஏறக்குறைய 400 கோடி யூரோ. 2010-இலும் 2011-இலும் நடந்த பொதுஜன வாக்கெடுப்புகளில் ஜனங்கள் இதற்கான ஏற்பாடுகளை நிராகரித்தனர். 2013 ஜனவரியில் ஐரோப்பிய சுயேச்சை வர்த்தகச் சங்கத்தின் கோர்ட்டும் ஐஸ்லாந்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த டிபாசிட்டுகளுக்கான பாக்கி, வீழ்ந்த பாங்கியின் சொத்திலிருந்தே 2016-க்குள் தீர்ந்தது.

இது வாக்குத் தவறியதாகும் என்பார் உண்டு. தனியார் லாபத்தில் பங்கு பெறாத குடிகள், அவர்களுடைய நஷ்டத்துக்கு மாத்திரம் ஜாமீனாவது நியாயமன்று. எனினும் ஜனங்களின் மறுப்பு சர்க்காரின் குற்றத்தைக் கழுவிவிடாது. பாங்கிகள் பெருத்து வருகையில் தடுத்திருக்க வேண்டியது அதுவே. வெள்ளம் வந்தபின் கரை போடுவதில் பயனில்லை.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். நாணயச் சங்கத்துப் பஞ்சாயத்தார் தம் சுற்றத்தாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கின்றனர் என்பதை அங்கத்தினர்கள் மகாசபையில் வருஷந்தோறும் கேட்டறிதல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களும் அக்கேள்வியைக் குறும்பென்று எண்ணாமல் ஆதரிப்பார்களாக.