இறக்கத்திலும் ஓய்வில்லை

மலை மிதிவண்டிப் போட்டியில் ஏறும்போதுதான் சிரமம், இறங்கும்போது வண்டி தானாக ஓடிவிடும் என்று மாணவர்கள் பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒலிம்பிக் ‘கிராஸ் கண்ட்ரி’ போட்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். முன்னணி வீரர்களின் இதயத்துடிப்பு, சராசரியாக அவர்களது உச்ச அளவில் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இறக்கத்தில் கால் மிதிப்பது நின்றாலும் துடிப்பு அவ்வளவாகக் குறையாது. ஏன்? பாறையிலும் வேரிலும் வண்டி குதிக்கும்போது கை, தோள், முதுகுத் தசைகள் இறுகி அதிர்வைத் தாங்குகின்றன. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே அழுத்துவதால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. (ஒரு நிமிடம் கையை இறுக மூடிப் பாருங்கள், தசை எப்படிக் களைக்கிறது என்று தெரியும்.)

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக், டயர் பஞ்சராகி அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார். அப்படி உழைத்த உடலில் மிச்சம் என்ன இருக்கும்? இருந்தது. எலன்கூர் குன்றில் சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் குறைத்து, 9 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார்.

தாங்குதிறன் பாடத்துக்கு எப்போதும் மராத்தானையே உதாரணம் காட்டுகிறோம். என்னைக் கேட்டால் இந்தப் போட்டியையும் சேர்க்கலாம். கால் ஒரு விதமாகவும் கை வேறு விதமாகவும் உழைப்பதை ஒரே உடலில் பார்க்க முடிகிறதே!