கூடுதல் பட்டை: இலாபமா, நட்டமா?

தராசு முள் ஒரு நூல் சாய்ந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து வரும் வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை. பட்ட பிறகுதான் பார்த்தேன்.

பத்து வருடம் ஓடிய சிறிய சரக்கு வண்டி ஒன்றை வாங்கினேன். நாற்பது சிப்பம் அரிசி ஏற்றினால் பின்பக்கம் அமுங்கியது. "இன்னொரு பட்டை சொருகினால் போதும் முதலாளி, யானை மாதிரி நிற்கும்" என்றார் பட்டறைக்காரர். சொருகினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. ஆனால் குறைந்த பாரத்தோடு வரும்போதெல்லாம் குதித்தது. முட்டைத் தட்டுகளும் எண்ணெய்ப் பாக்கெட்டுகளும் உடைந்தன. ஒரு மழை நாளில் பிரேக் போட்டதும் ஒரு பக்கமாக இழுத்துச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டிய தம்பிக்குக் காயமில்லை. அது அவன் வீட்டார் செய்த புண்ணியம். என் சாமர்த்தியம் அல்ல.

பிறகு பார்த்த வயதான மெக்கானிக் சொன்னார்: "பட்டை தளரவில்லை ஐயா, பாரம்தான் அதிகம். புஷ் கரைந்துவிட்டது, ஷாக்கில் எண்ணெயே இல்லை."

இந்த மூன்றின் வேலையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பாரத்தைச் சுமப்பது பட்டை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது பாரம் சுமப்பதில்லை. பட்டையின் காதில் இருக்கும் ரப்பர் புஷ், அச்சு நகராமல் பிடித்துக்கொள்கிறது. புஷ் தேய்ந்தால் அச்சு இடம் மாறும், வண்டி இழுக்கும். பட்டையைக் கூட்டினால், பழைய பட்டைக்கென்று செய்த ஷாக்கால் புதிய விறைப்பை அடக்க முடியாது. பிரேக்கும் டயரும் அச்சும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

ஆகவே என் கருத்து இது: பழைய வண்டிக்குச் செலவு செய்வதானால் முதலில் புஷ், அடுத்து ஷாக், கடைசியில்தான் பட்டை. ஒடிந்த பட்டையும் தளர்ந்த பட்டையும் மாற்ற வேண்டியவைதான். ஆனால் கம்பெனி அளவுக்கே மாற்றுங்கள். ஷாக்கை இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுவதும் இறுக்கவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்றபின் இறுக்கினால்தான் ரப்பர் முறுக்காமல் உழைக்கும். பழைய பந்தயக் கார் வைத்திருப்போர் விரும்பிப் போடும் பாலியூரிதீன் புஷ் நமக்கு வேண்டாம். அது விறைப்பானது, அதிர்ச்சியைச் சரக்குக்கே கடத்தும்.

"இரண்டு நடை அடித்தால் டீசலுக்கு யார் தருவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கணக்கைப் பாருங்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ் முக்கால் டன் வண்டி. 25 கிலோ சிப்பத்தில் முப்பதுதான் கணக்கு. நாற்பது ஏற்றினால் கால் டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பாளி. அதாவது நாம்தான். பத்துச் சிப்பத்தில் எத்தனை வருடம் சம்பாதித்தால் இது ஈடாகும்?

இதற்கு வழி இருக்கிறது. ஒரே தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து பெரிய வண்டி ஒன்றில் மண்டிச் சரக்கை வரவழைக்கலாம். நமது சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் வண்டிகளுக்குப் பரிசோதனை முகாம் நடத்தலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று கடை அடைக்கும் முன் வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்திவிட்டுப் பாருங்கள். ஓரிரு முறைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது என்று பொருள். கீழே குனிந்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த முட்டைக்குக் கணக்கு எழுதலாம். வண்டியோட்டும் பிள்ளைக்கு எந்தப் பேரேட்டில் கணக்கு எழுதுவது?