கிழக்கின் மூன்று நினைவு நாட்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் எல்லை மாநிலமான மிசூரி, இரு தரப்புக்கும் படையணிகளை அனுப்பியது. 1863 இல் விக்ஸ்பேர்க்கில் அதன் 27 பிரிவுகள் ஒன்றிய அரசின் பக்கமும் 15 பிரிவுகள் பிரிவினையாளர் பக்கமும் நின்றன. 1917 இல் அங்கு எழுப்பப்பட்ட மிசூரியின் நினைவுச்சின்னம் இரு சாராருக்கும் பொதுவானது.

நமது கிழக்கு மாகாணத்துக்கு அத்தகைய ஒன்று வாய்க்கவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு, போரை அரசு, புலிகள் என இரண்டாகவே பேசிப் பழகிவிட்டோம். கிழக்கில் அது அவ்வாறு நிகழவில்லை. ஆரம்பத்தில் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தனர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களைப் புலிகள் படுகொலை செய்தனர். முஸ்லிம் ஊர்காவற் படையினர் தமிழ்க் கிராமங்களைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன.

மட்டக்களப்பு, அம்பாறை இளைஞர்களின் ஜெயந்தன் படையணி வன்னிக்குச் சென்று ஜெயசிக்குறு நடவடிக்கையை எதிர்த்துப் போரிட்டது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில் நேற்றைய தோழர்களே ஒருவரையொருவர் சுட்டனர். கருணா தம் படையைக் கலைத்ததும் வீடு திரும்பிய சிறுவர்களுள் சிலரைப் புலிகள் மீண்டும் பிடித்துச் சென்றனர். பின்னர் கருணா அணியும் சிறுவர்களைக் கடத்தியது. பெற்ற தாய்க்கு இதில் எந்தத் தரப்பு?

இன்று வெருகலில் மாண்டோருக்கு ஏப்ரல் 10, காத்தான்குடிக்கு ஆகஸ்ட் 3, மாவீரருக்கு நவம்பர் 27. ஒருவரது நாளில் மற்றவர் தலைகாட்டுவது அரிது. கிழக்கின் மக்கள் பிரதிநிதிகள் அடுத்த ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிக்குச் சென்றாவது இதனைத் தொடக்கலாமே.