பழனிசாமியைக் கேட்காமல் மாற்றாதீர்கள்

ஊர்ப் பெயரைப் ‘பழநி’ என்று எழுத ஓர் அலுவலகமோ பத்திரிகையோ முடிவெடுக்கலாம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரே அழுத்தில் கோப்பு முழுக்க ‘பழனி’யைப் ‘பழநி’ ஆக்கும்போது, அதில் இருக்கும் பழனிசாமியும் பழனியம்மாளும் சேர்ந்து மாறிவிடுகிறார்கள். ஓர் ஆளின் பெயரில் எழுத்தை மாற்ற நாம் யார்?

மலையூரான தாண்டிக்குடியில் இருந்துகொண்டு விவசாயக் குழுக்களின் பட்டியல்களையும் கையேடுகளையும் திருத்துவது என் வேலை. பழனி என்று தொடங்கும் பெயர் இல்லாத பட்டியலே இந்த மலையில் கிடையாது. போன வருடம் வந்த ஒன்றில் அத்தனை பழனிசாமிகளும் பழநிசாமிகள். ஆதாரில் ஓர் எழுத்து, மானியப் பட்டியலில் வேறு எழுத்து என்று விண்ணப்பம் திரும்பினால், காப்பித் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏற வேண்டியவர் அந்த விவசாயிதான்.

நான் திருத்துவது விம் எடிட்டரில். கறுப்புத் திரை, மவுஸ் தேவையில்லை, எல்லாமே விசைப்பலகைதான். இதன் முன்னோடியான விஐ-யை பில் ஜாய் 1976-இல் எழுதிய காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும். அதற்கேற்பச் செய்தது என்பதால், மழைநாளில் சிக்னல் ஒற்றைக் கோடாகத் தேயும் எங்கள் ஊரிலிருந்தும் தொலைதூர சர்வரில் உள்ள கோப்பைத் திருத்த முடிகிறது. 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார், 2023-இல் மறையும்வரை அதைக் கவனித்துவந்தார். விலை வைக்கவில்லை, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார்.

விம்மில் மாற்றும் கட்டளையின் கடைசியில் ‘ஜி’ போட்டால் வரியில் உள்ள அத்தனையும் மாறும். கூடவே ‘சி’ சேர்த்தால் ஒவ்வோர் இடத்திலும் நின்று, மாற்றலாமா என்று கேட்கும்; ஆம் என்றால் ‘ஒய்’, வேண்டாம் என்றால் ‘என்’ விசை. ‘பழனி அடிவாரம்’: ஒய். ‘பழனிசாமி, த/பெ’: என். ‘பழனியில்’: ஒய். ஒரு டீ ஆறுவதற்குள் பட்டியல் முடிந்துவிடும்.

‘முழுச் சொல்லாகத் தேடு’ என்ற ஏற்பாடு தமிழுக்குப் போதாது. பழனிக்கு, பழனியிலிருந்து எல்லாம் விட்டுப்போகும். வேற்றுமை உருபும் ஒட்டித்தான் வருகிறது, ஆள் பெயரும் ஒட்டித்தான் வருகிறது. பிரித்தறிய மனிதக் கண் வேண்டும். இதே சிக்கல் வேறு பெயரிலும் உண்டு: விருப்பாட்சி என்பது ஊர், விருப்பாச்சி என்பது வாழைப்பழம். ஊரைத் திருத்தப் போய்ப் பழத்தையும் மாற்றினால், பஞ்சாமிர்தத்துக்கு வாழை விளைவிப்பவருக்கே கையேடு அந்நியமாகிவிடும்.

ஒரு குறை உண்டு. தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது ‘ஒய்’ அழுத்தினால் தமிழ் எழுத்து போய் விழும், எடிட்டருக்குப் புரியாது. தமிழ் விசையிலேயே பதில் சொல்ல வழி செய்யக் கணித்தமிழ் ஆர்வலர்கள் முன்வர வேண்டும். பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்களோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மென்பொருளானாலும், ஆட்பெயர் உள்ள கோப்பில் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொடக் கூடாதென்று இன்றே எழுத்தில் உத்தரவு போடலாம்.