விகிதம் மட்டும் போதாது

எல்எம்317 ரெகுலேட்டரில் வேண்டிய மின்னழுத்தத்தை வரவழைக்க ஒரு சூத்திரம் போதும் என்பது பரவலான நம்பிக்கை. அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ஆர்2-ஐ, அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையிலுள்ள ஆர்1-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 1.25-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். அந்த விகிதத்தில் கைக்குக் கிடைக்கும் இரண்டு ரெசிஸ்டரைப் போட்டால் சரி என்கிறார்கள். சூத்திரத்தில் பிழையில்லை. அதை வைத்துச் செய்யும் முடிவுகளில்தான் பிழை.

“விகிதம் சரியாக இருந்தால் எந்த மதிப்பும் சரி.”

5 வோல்ட்டுக்கு விகிதம் 3. 240 ஓமும் 720 ஓமும் போட்டாலும் 3; 2.4 கிலோஓமும் 7.2 கிலோஓமும் போட்டாலும் 3. ஆனால் அட்ஜஸ்ட் காலிலிருந்து சுமார் 50 மைக்ரோஆம்பியர் வெளியேறி, ஆர்2 வழியாகவே கிரவுண்டுக்குப் போகிறது. இதனால் முதல் ஜோடியில் கூடுவது 0.036 வோல்ட். இரண்டாவதில் 0.36 வோல்ட், 5 கேட்ட இடத்தில் 5.36 வரும்.

“லோடு இல்லாவிட்டாலும் ஐசி பார்த்துக்கொள்ளும்.”

பார்த்துக்கொள்ளாது. 7805-க்குக் கிரவுண்டுக்கென்று ஒரு கால் உண்டு, எல்எம்317-க்கு இல்லை. அது இயங்கத் தேவையான மின்னோட்டமும் அவுட்புட் கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழக்கமாக 3.5 மில்லிஆம்பியர், அதிகபட்சம் 10 என்கிறது டேட்டாஷீட். 2.4 கிலோஓம் ஆர்1 இழுப்பதோ அரை மில்லிஆம்பியர். மீதிக்குப் போக்கிடம் இல்லாமல் அவுட்புட் ஏறிவிடும். லோடு இல்லாதபோது அந்த மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வது ஆர்1-இன் இரண்டாவது வேலை. சூத்திரத்தில் அது தெரிவதில்லை.

“டேட்டாஷீட் படத்தில் 240 ஓம்தானே இருக்கிறது?”

இருக்கிறது. 240 ஓம் இழுப்பது 5.2 மில்லிஆம்பியர். அதே குடும்பத்தின் எல்எம்117-க்கு 5 மில்லிஆம்பியர் போதும் என்று உத்தரவாதம் உண்டு. அதற்கு இது பொருந்தும். எல்எம்317-க்கு 10 வரை வேண்டியிருக்கலாம். லோடு எப்போதும் அந்த அளவு இழுக்கும் என்றால் 240 போடுங்கள். இல்லையென்றால் 120 ஓம் போடுங்கள். 5 வோல்ட்டுக்கு அதன் ஜோடி 360 ஓம்.

“ஒரு சதவீத ரெசிஸ்டர் போட்டால் துல்லியம் வந்துவிடும்.”

1.25 என்பதே ஐசிக்கு ஐசி 1.20 முதல் 1.30 வரை மாறலாம். ரெசிஸ்டர்கள் கச்சிதமாக இருந்தாலும் அவுட்புட் 4.8-லிருந்து 5.2-க்குள் எங்கும் இருக்கலாம். துல்லியம் வேண்டுமானால் ஆர்2-இன் பெரும்பகுதியை நிலையான ரெசிஸ்டராக வைத்து, தொடரில் சிறிய பிரீசெட் ஒன்றைச் சேர்த்துத் திருப்புங்கள். பிரீசெட்டின் நடுக்காலை ஒரு முனையோடு இணைப்பது கட்டாயம். இணைக்காமல் விட்டு நடுக்காலின் தொடர்பு அறுந்தால், ஆர்2 திறந்துபோய் அவுட்புட் இன்புட்டை நெருங்கிவிடும்.

“ஆர்1-ஐ அவுட்புட் லைனில் எங்கே இணைத்தாலும் ஒன்றுதான்.”

படத்தில் ஒன்று, போர்டில் வேறு. லோடு வரை போகும் வயரின் தடை 0.05 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்றால் இழப்பு 0.05 வோல்ட். ஆர்1-ஐ ஐசியின் காலிலேயே இணைத்தால் அவ்வளவோடு நிற்கும். லோடு முனையில் இணைத்தால், அதே 5 வோல்ட் கணக்கில் அது நான்கு மடங்காகி 0.2 வோல்ட் குறையும்.

ஆகவே கணக்கை விகிதத்தில் தொடங்காதீர்கள். ஐசியின் குறைந்தபட்ச லோடு மின்னோட்டத்தைப் பார்த்து ஆர்1-ஐ முடிவு செய்யுங்கள். சூத்திரம் வேலைக்கு வருவது அதற்குப் பிறகு, ஆர்2-ஐக் கண்டுபிடிக்கத்தான்.